ஆரல்வாய்மொழி தாண்டிய எள்

நாட்டில் எள் வரத்து ஒரு வருஷம் ஏறுகிறது, மறு வருஷம் இறங்குகிறது என்று பேப்பரில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை போட்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். மழை ஒரு காரணம், விலை ஒரு காரணம், நிலக்கடலை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு காரணம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். என் மாமனாரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரை விட்டுவிட்டு எள்ளைப் பற்றி எழுதுகிறவர்களை நான் எப்படி நம்புவது?

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு எள் எப்போதும் கிழக்கிலிருந்துதான் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வண்டி வண்டியாகக் கோட்டாற்றுச் சந்தைக்கு வந்து இறங்கும். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் எள் இங்கேயிருந்து கிழக்கே போனது. முதல் வருஷத்து ஏற்றுமதி மொத்தமும் ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிட்டது. பஸ்ஸில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் என்ற உரிமையில் அதை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கத்தில் செம்மண் தேரி ஊர் ஒன்றில். பனையையும் எள்ளையும் தவிர எதையும் நம்பாத ஊர். அப்பாவுக்கு எள் விவசாயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் என்னை நாகர்கோவிலுக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில் இருந்த ஒரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வீடும் வேதக்கார வீடு. கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வது. மிஷன் கோயில்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்ததால் சம்பந்தமும் எல்லை தாண்டிப் போகும். கணவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் அவருடைய அப்பாவுக்கு முன்னால் இருமுவதற்கே யோசிப்பார்.

மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். மாமாவுக்கு நெல்தான் விவசாயம், மற்றதெல்லாம் தோட்டவேலை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். நடுவில் வயல் சும்மா கிடக்கும் மூன்று மாதமும் மாமாவுக்குக் கை கால் ஓடாது. வெறும் வரப்பில் போய் நின்றுகொண்டு வயலைப் பார்த்துவிட்டு வருவார்.

எல்லாம் கல்யாண விருந்தில் தொடங்கியது. மாமா வீட்டில்தான் விருந்து. இலையில் நேந்திரங்காய் உப்பேரி, மீன் குழம்பு, இரண்டு வகைப் பாயசம். என் அப்பா திருப்தியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கை கழுவியிருக்கலாம். அது அவர் பழக்கமில்லை. பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சம்மந்தி, ஒம்ம ஊருல எல்லாம் இருக்குவே. மலை இருக்கு, கடலு இருக்கு, மகாராசாகூட இருக்காரு. ஒரு எள்ளுருண்டை பிடிக்கணும்னா மட்டும் எங்க ஊரு வண்டி வந்தாத்தான் உண்டு."

பந்தி சிரித்தது. மாமாவும் சிரித்தார். விருந்தாளிகள் எல்லாரும் போய், பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரங்கள் திரும்பின பிறகு மாமா சிரிப்பை நிறுத்தினார்.

அவர் கோபப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். கோபப்பட்டிருந்தால் நாலு நாளில் தீர்ந்திருக்கும். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பெண் முதல் தடவையாகத் தாய் வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளை வீட்டு வயலில் விளைந்ததைக் கூடக் கொடுத்து அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் பொது வழக்கம். அரிசியோ, தேங்காயோ, ஒரு குலை வாழையோ போகும். அந்த மாசியில், கும்பப்பூ அறுத்துக் களம் காலியான அன்றைக்கு, மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மக்களே, நீ ஒன் வீட்டுக்குப் போம்போ நம்ம வயல்ல வெளஞ்ச எள்ளாக்கும் கொண்டு போவணும். மூணே மாசம். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வெளஞ்சிரும்."

நான் தலையை ஆட்டினேன். மூன்று மாதம்தானே என்று நினைத்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது தவிர எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு குறை பெரிய குறை. அம்மாவுக்கு வண்டியில் ஏறினாலே தலை சுற்றும். கல்யாணத்துக்கு வந்து போனதே பெரிய பாடு. அப்பாவும் வர முடியாது. கல்யாணம் முடிந்து பெண் ஒரு தடவை தாய் வீட்டுக்கு வந்து போகிற வரைக்கும் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே நான் போனால்தான் உண்டு. எள் விளைந்தால்தான் நான் போவது உண்டு.

கோட்டாற்றுச் சந்தையில் வாங்கிய விதையை மாமா நாற்றங்காலுக்கு விதைக்கிற மாதிரி நெருக்கமாக விதைத்தார். முளைத்ததைக் குறை சொல்ல முடியாது. பச்சைப் பாய் விரித்தது மாதிரி இருந்தது. நான் தயங்கித் தயங்கி, "மாமா, எள்ளுக்குத் தண்ணி விடக் கூடாது. தண்ணி நின்னா வேரு அழுகிப்போயிரும்" என்றேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தண்ணீருக்கு அந்த ஊரில் வெள்ளம் என்று பெயர்.

"மக்களே, ஒங்க ஊருல வெள்ளம் கெடையாது. இல்லாத்த ஊருக்காரங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. வெள்ளம் குடிக்காத்த பயிரு உண்டா?"

நாஞ்சில் நாட்டில் பிறந்தவருக்கு, காய்ந்து கிடக்கிற வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. பக்கத்தில் குளம் இருந்து, அதில் முழங்காலளவு தண்ணீரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாமா மடையைத் திறந்தார். எள் கணுக்கால் தண்ணீரில் நின்றது. பயிர் மஞ்சளடித்தது. மஞ்சளடிக்கிறதே, தாகமாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் திறந்தார். கொஞ்ச நாளில் பிடுங்கி எறிய ஒன்றும் மிச்சமில்லை.

"விதை செரியில்ல" என்றார் மாமா. "பாண்டி விதைதானே." கணவாய்க்குக் கிழக்கே இருப்பதெல்லாம் அவருக்குப் பாண்டி.

கணவரிடம் நான் அழுதேன். அவர் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்பா பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் நிற்பார்.

அடுத்த மாசியிலும் மாமா விதைத்தார். அந்த வருஷம் குளம் வற்றிக் கிடந்தது. கால்வாயிலும் தண்ணீர் இல்லை. அது எனக்காகவே ஆண்டவர் செய்தது என்று நினைத்துக்கொண்டேன். மாமா தினமும் விடியற்காலையில் வயலுக்குப் போய், நோயாளியைப் பார்க்கப் போனவர் மாதிரி கைகட்டி நின்றுவிட்டுத் திரும்புவார். வந்ததும் என் மாமியாரிடம், "தொண்ட வறண்டு நிக்குது, பாக்க ஒக்கல" என்பார். அவர் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தபோதே எள் நன்றாக வளர்ந்தது. பூத்தது. காய் பிடித்தது. நான் பெட்டியில் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

கீழே இருக்கிற காய் மஞ்சளாகத் திரும்பினதுமே எள்ளை அறுத்துவிட வேண்டும். காய் காய்ந்தால் வாயைத் திறந்துவிடும். அதையும் சொன்னேன். மாமாவுக்கு அது அவசரக்காரர் பேச்சாகப் பட்டது. நெல்லைப் பச்சையாக அறுப்பார்களா? வயல் முழுக்கப் பொன்னாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தார். திரும்பியது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நெற்கதிர் அறுக்கிற மாதிரி அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றினார்கள். நாஞ்சில் நாட்டில் நெற்கட்டு சுமக்கிறவர்கள் நடக்க மாட்டார்கள். துள்ளித் துள்ளி ஓடுவார்கள். எள்ளுக்கட்டைத் தூக்கிக்கொண்டும் அப்படியே ஓடினார்கள். ஒவ்வொரு துள்ளலுக்கும் எள் சரசரவென்று தோளிலும் வரப்பிலும் கொட்டிக்கொண்டே வந்தது. களத்துக்கு வந்து சேர்ந்தது தட்டை மட்டும்தான். அதையும் நெல் அடிக்கிற பலகையில் ஓங்கி அடித்துப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் வரப்பு எறும்புகள் நல்ல நிலைமைக்கு வந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டியில் மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டேன். சமையலறையில் மாமி என்னைப் பார்க்காமலே, "அடுத்த வருசம் நீ வாயால சொல்லாண்டாம். கையால செய்யி" என்றாள்.

மாமிக்கு இந்த எள் விவகாரம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. "எள்ளையும் உப்பையும் ஒருத்தருக்குச் சும்மா தூக்கிக் குடுக்கப்பிடாது கேட்டியளா. நம்ம தோசத்த அவங்க தலையில கெட்டுன மாதிரில்லா. சம்மந்தி வீட்டுக்குப் போயி எள்ளு குடுத்து விடுகதா?" என்பாள். நம்மைப் போன்ற வேதக்காரர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று மாமா அதட்டுவார். அதட்டிவிட்டு, உப்பு வேண்டும் என்றால் கையை நீட்டாமல் கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்வார். மூன்று தலைமுறையாக வேதம், ஆனால் அந்த வீட்டில் உப்பு ஒரு தடவைகூடக் கைக்குக் கை மாறினதை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது மாசியில் மாமா விதைத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. மாமி அவரைத் தன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். தங்கைக்கு உடம்பு நிஜமாகவே சரியில்லை. ஆனால் அத்தனை நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிற அளவுக்கு இல்லை. மாமா இல்லாத அந்த நாட்களில் மடை மூடியே கிடந்தது. அவர் திரும்பி வந்து பார்த்தபோது பயிர் இடுப்பளவு நின்றது. தண்ணீரைத் திறக்க அவருக்கே மனம் வரவில்லை.

கீழ்க்காய் மஞ்சளான அன்று விடிந்ததும் நானும் மாமியும் அரிவாளோடு போனோம். பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் காய் வெடிக்காது. எங்கள் சீதனப் படுக்கை விரிப்பை வரப்பில் விரித்து, கட்டுகளைத் தலையில் ஏற்றாமல் விரிப்போடு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தோம். முற்றத்தில் தலைகீழாகச் சாய்த்து வைத்து, வெயிலில் காய விட்டு, விரிப்பின் மேல் கவிழ்த்துத் தட்டினோம். எள் மழை பெய்கிற மாதிரி விழுந்தது.

மழை என்றால் தூறல்தான். முதல் வருஷத்தில் கொட்டின தண்ணீரால் வயலில் பாதி களிமண்ணாக இறுகிக் கிடந்தது. மீதியில் விளைந்ததைப் புடைத்து எடுத்தபோது ஒரு தலையணை உறைக்குக் காணும் அளவு வந்தது. மாமா சாக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை மடித்து வைத்துவிட்டார். நான் என் தலையணை உறையைக் கொண்டு வந்தேன். போர்டிங் பள்ளிக்கூடத்தில் நானே பூவேலை செய்தது. இரண்டு கிளி. தையல் டீச்சர் அவற்றைப் பார்த்துவிட்டு, கோழி நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னாள்.

அத்தோடு முடிந்தது, நாளைக்கே பஸ் ஏறலாம் என்று நினைத்தேன். ஆனால் மாமாவுக்குப் பக்தி வந்துவிட்டது.

"முதல் பலன் கோயிலுக்கு. நம்ம வயல்ல எது முதல்ல வெளஞ்சாலும் அப்படித்தான்."

"பாதியைக் கொடுப்போம் மாமா" என்றேன்.

"ஆண்டவருக்குப் பாதி குடுத்து ஏமாத்தவா?"

அறுப்பின் பண்டிகை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கத் தங்கள் வீட்டு விளைச்சலைக் கொண்டு வந்து கோயில் முற்றத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். யார் கொண்டு வந்தார்களோ அவர்களே ஏலத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். கோழியைக் கொண்டு வந்தவர் அதே கோழியோடு திரும்புவார். கோயிலுக்குக் காணிக்கை ஆயிற்று, கோழிக்கும் ஒரு சுற்றுலா ஆயிற்று. மாமாவின் திட்டமும் அதுதான். எள்ளை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, ஏலத்தில் திரும்ப எடுத்து, என்னோடு அனுப்புவது. திட்டத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார்தான் ஏலம் போடுகிறவர். பூசணி, பலா, முட்டை, நேந்திரங்குலை என்று ஒவ்வொன்றாகப் போயின. பிறகு தலையணை உறையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"சபையார் பாருங்கோ. நம்ம ஊரு எள்ளு. நம்ம வயல்ல வெளஞ்சது. நம்ம சபையில எள்ளு ஏலம் போடுகது இதாக்கும் முதல் தடவை."

சிரிப்பு எழும்பியது. மாமா முன்னால் வந்து ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆண்கள் கூட்டத்தின் பின்னால் இருந்து யாரோ அதற்கு மேல் கேட்டார்கள்.

மாமா திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஆள் தெரியவில்லை, சிரிப்புச் சத்தத்தில் குரலும் பிடிபடவில்லை. விலையை ஏற்றினார். பின்னால் இருந்த ஆள் மேலும் ஏற்றினார். மாமா ஏற்றினார். அவரும் விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த எண்ணெய்க்காரன் இவன்? ஊரில் எள்ளே கிடைக்காத மாதிரி என் எள்ளுக்கு வந்து நிற்கிறான்! இந்தத் தலையணை உறை அவனிடம் போய்விட்டால் மாமா அடுத்த மாசி வரைக்கும் மறுபடி காத்திருக்கச் சொல்வார். அவருடைய வாக்கு அப்படி. எழுந்து போய் அந்த ஆளின் காலைப் பிடிக்கலாமா, கழுத்தைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்த ஆள் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு செருமல் செருமினார்.

அந்தச் செருமலை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். வேப்பமரத்துக்குப் பின்னால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பஸ் புழுதியோடு என் அப்பா நின்றார்.

சம்பந்தி வீட்டுப் படியைத்தானே மிதிக்கக் கூடாது? கோயில் சம்பந்தி வீடு இல்லையே. பொறுக்க முடியாமல் என்னைத் தூரத்திலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். வந்த இடத்தில் உபதேசியார் என் கிளிகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மகள் தைத்த உறையைக் கண்டவன் எவனோ ஏலத்தில் எடுக்கவா என்று அவருக்கு வீம்பு. சம்பந்தி போட்டி போடுகிறார் என்பது அவருக்குக் கூட்டத்தில் தெரியவில்லை. மாமாவுக்கோ சூடு பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் இரண்டு வீடும் கடனாளி ஆகும்.

மருமகள் கோயிலில் சத்தம் போடலாமா? மாமியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், வேப்பமரத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். கோயிலில் பாட்டுக்குக்கூட உதட்டை அசைக்கிறவள், அன்றைக்கு எழுந்து நின்று முற்றத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"விடுங்கோ! எடுக்கது நம்ம சம்மந்தியாக்கும்!"

மாமாவின் கை பாதியில் நின்றது. உபதேசியார் விவரமானவர். மாமா மறுபடி வாயைத் திறப்பதற்குள் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். கல்யாணப் பந்திக்குப் பிறகு இப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். மாமா முதலில் கேட்டார்.

"எள்ளு நாட்டுக்காரருக்கு இஞ்ச வந்து எள்ளு எடுக்க வேண்டிய காரியம் என்ன?"

அப்பாவின் வாயை எனக்குத் தெரியும். அடுத்த கேலி வரும், அடுத்த மூன்று வருஷம் போகும். அப்பா உறைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அவர் கைக்குத் தெரியாத எள்ளா? பாதி சாவி, வெறும் பதர். ஊதினால் பறந்துவிடும். அவர் ஊதவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு எள்ளைத் திரும்ப உறைக்குள் கவனமாகப் போட்டார்.

"எங்க பக்கம் இந்த வருசம் மழையே இல்ல சம்மந்தி. எள்ளு மருந்துக்குக்கூட இல்ல. இங்க நல்லா வெளஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். அதான் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறதா என்று சுற்றி ஒரு தடவை பார்த்தார். கேட்டிருந்தது. அப்பாவின் தோளில் கை போட்டு வீட்டுக்கு அழைத்தார். அப்பா வழக்கத்தைச் சொல்லி மறுத்ததும், சாப்பாட்டைக் கோயில் மரத்தடிக்கே கொண்டு வரச் செய்தார். மாமிக்கு வேறு நிம்மதி. விலைக்குப் போன எள் தானம் ஆகாது.

மறுநாள் காலையில் நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். சமஸ்தானத்துச் சுங்கச் சாவடியான ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் எல்லாரையும் இறக்கி, புகையிலை இருக்கிறதா என்று மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள். சிப்பாய் அப்பாவின் மடியில் இருந்த உறையைத் திறந்து பார்த்தான்.

"எள்ளா? இஞ்சேர்ந்து அங்க கொண்டு போறியளா?" என்றான். பக்கத்தில் இருந்த இன்னொரு சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் எங்களை, நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டியவர்களைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா உறையைக் கீழே வைக்காமல் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குப் போனதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முற்றத்தில் எள்ளுக்கட்டுகள் கூரை வரைக்கும் சாய்ந்து நின்றன. உள்ளே பத்தாயம் நிரம்பி, மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் வரைக்கும் போயிருந்தன. அந்த மாதிரி விளைச்சல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, தலையணை உறையைப் பார்த்து, "இது என்னத்துக்கு?" என்றாள்.

"மெல்லப் பேசுளா" என்றார் அப்பா. "யாரு கேட்டாலும் இந்த வருசம் நமக்கு எள்ளு இல்ல."

அந்தப் பொய்யால் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாமா அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் விதைத்தார், சம்பந்தி பாவம் என்று. என் அறுப்பில் கிடைத்ததைக் கிழக்கே போகிற யார் கையிலாவது விலை பேசி அனுப்புவார். பெயருக்கு ஒரு காசு. அப்பாவும் வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் மழை இல்லை என்று சொல்லி அனுப்புவார். எங்கள் ஊரில் அத்தனை வருஷம் மழை பெய்யாமல் இருந்திருந்தால் மனிதர்கள் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

முதல் பிரசவத்துக்கு நான் தாய் வீட்டில் இருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் எங்களை அழைத்துப் போக என் கணவர் வருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அவர் நின்றுவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து இறங்கினார். தை மாசம். அப்பா ஊரில் தையிலும் ஒரு எள் அறுப்பு உண்டு. அது முற்றம் முழுக்கக் கிடந்தது. மறைக்க நேரமில்லை, மறைக்க முடிகிற அளவும் இல்லை.

அப்பா கையில் முறத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுகளுக்கு நடுவில் மெல்ல நடந்து வந்தார். கூரை வரைக்கும் பார்த்தார். குனிந்து இரண்டு விரலால் கொஞ்சம் எள் எடுத்து வாயில் போட்டு மென்றார். நிதானமாக மென்றார்.

"நம்ம விதையாக்கும்" என்றார். "வாயில போட்டாலே தெரியுதே."

"ஆமா சம்மந்தி" என்றார் அப்பா. "ஒம்ம விதைதான். வேற எங்க கெடைக்கும்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பிள்ளையின் மூக்கு யாருடைய மூக்கு என்பதில் மட்டும்தான் கொஞ்சம் சண்டை வந்தது.

புறப்படும்போது அப்பா ஒரு மூட்டை எள்ளைக் கொண்டு வந்து மாமாவின் முன்னால் தரையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. மாமாவும் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துப் படியில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டார். மூன்று தலைமுறை வேதம்!

ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் பஸ் நின்றது. சிப்பாய் மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு, "எங்க உள்ள எள்ளு?" என்று கேட்டான். நான் மாமாவைப் பார்த்தேன். நம்ம வயல் எள், கிழக்கே போய்த் திரும்புகிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க சம்மந்தி வீட்டு எள்ளு" என்றார் மாமா. "அங்கதான் நல்லா வெளையும்."

பஸ் கிளம்பிக் கணவாயைத் தாண்டியது. வயல்கள் தெரிய ஆரம்பித்தன. பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மாமா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"மக்களே, இனி அம்மையப் பாக்கணும்னு தோணுனா ஒடனே கெளம்பிரு. எள்ளு வெளையதுக்குக் காத்திருக்காண்டாம்."